412ஆம் தொகுதி, 614ஆம் பக்கம்

டுலூத் நீதிமன்றத்தின் அடித்தளத்தில்
சட்ட நூலகம் என் பொறுப்பு.
இப்போதெல்லாம் யாரும் படியிறங்கி வருவதில்லை.
ஏரி உறையும் மாதங்களில்
வெப்பக்குழாய் மட்டும் என்னோடு முணுமுணுக்கும்.

செவ்வாய் காலை மேல்மாடியிலிருந்து தொலைபேசி.
நீதிபதி பிரெஸ்டிகார்டின் எழுத்தர்:
"ஹௌக்லண்ட் எதிர் வெஸ்பி, 1987.
கணினியில் அகப்படவில்லை.
காகிதத்தில் இருக்கிறதா, பார்."

412ஐ இறக்கினேன்.
614இல் ஒரு காளை நின்றது.
வேலி தாண்டி அடுத்தவன் ஓட்ஸை மேய்ந்த காளை.
அதன் பொருட்டு எட்டு ஆண்டு மல்லுக்கு நின்ற இரண்டு பேர்.
ஹௌக்லண்ட் இல்லை.
411இல் இல்லை. 413இல் இல்லை.
பெயரகராதியில் ஹௌகனுக்கும் ஹௌஸருக்கும் நடுவே
மயிரிழை வெள்ளை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
இது ஏட்டிலும் காய்க்காதது.

வழக்குரைஞர் ஓபர்ஹோல்ட்சர் கெட்டவர் இல்லை.
வாரத்துக்கு நாற்பது கோப்பு,
பாதிக்குக் கட்டணம் கிடையாது.
இரவு இரண்டு மணிக்கு இயந்திரத்திடம் கேட்டிருக்கிறார்:
மணம் செய்யாமல், உயில் எழுதாமல்
ஒருவனோடு பத்தொன்பது ஆண்டு வாழ்ந்தவளுக்கு
அவன் போனபின் அந்த வீட்டில் இடமுண்டா?

இல்லையென்று சொல்லத் தெரியாத வள்ளல் அது.
இல்லாததையும் அள்ளிக் கொடுத்தது:
வாதியின் பெயர், நாள், பக்க எண்,
தீர்ப்பிலிருந்து நாலு வரி.

மனுவின் நகலை நானும் படித்தேன்.
"பத்தொன்பது குளிர்காலம்
ஒரே வாசலில் பனி வாரியவளின்
கைக்காய்ப்பும் கையெழுத்தே.
அதைப் படிக்கத் தெரியாத நீதிமன்றம்
வேறு எதைப் படித்து என்ன?"

முப்பத்தொரு ஆண்டாக இந்த அலமாரிகளில் இருக்கிறேன்.
ஒரு நீதிபதியும் இப்படி எழுதிப் பார்த்ததில்லை.
அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

அபராதம் ஐந்நூறு டாலர்.
ஓபர்ஹோல்ட்சர் தலை நிமிரவில்லை.
அரிசோனாவிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன்கள்
வெயில் பட்ட முகத்தோடு கைகுலுக்கிக்கொண்டார்கள்.
விசாரணை பதினொரு நாள் தள்ளிவைப்பு.

மாலை நாலு மணிக்குப் படியில் பூட்ஸ் சத்தம்.
வில்மா கங்காஸ்.
மீசை வைத்த ஆர்விட் தூனேயின் படம் சட்டைப் பையில் எட்டிப் பார்க்க,
உப்புக்கறை படிந்த காலணி தரையை நனைக்க,
மேசையருகே வந்து நின்றாள்.

"அந்த ஹௌக்லண்ட் அம்மாளின் தீர்ப்பு,
நகல் ஒன்று கிடைக்குமா?"

அப்படி ஒருத்தி இல்லை என்றேன்.
இயந்திரம் கட்டிவிட்ட கதை என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"என்னைப் போலவே இருந்தாளே.
எங்கிருந்து எடுத்தது?"

எனக்குத் தெரியவில்லை.
அதற்கும் தெரிந்திருக்காது.

அவள் போனபின் நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை.
யாரும் படமெடுக்காத, பழுத்த தொகுதிகளை
ஒவ்வொன்றாய் இறக்கினேன். தீர விசாரித்தேன்.
இரவு ஒன்பதரைக்கு, 1931இல்,
ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டுக்காரி அகப்பட்டாள்.
தோற்றிருந்தாள்.
இரண்டுக்கு ஒன்று.

அந்த ஒருவர், மாறுபட்ட நீதிபதி,
அடியில் மூன்றே வரி எழுதியிருந்தார்.
அழகாக ஒன்றும் இல்லை:
"அவள் உழைப்பைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.
என் தோழர்கள் எடுக்கவில்லை.
நான் உடன்படவில்லை."

தோற்ற கட்சியின் வரி எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது.
ஓபர்ஹோல்ட்சருக்கும் அது தெரியும்.
என்றாலும் அட்டையை விரித்து
கண்ணாடியில் கவிழ்த்து
பச்சை விளக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு பக்கம் பத்து சென்ட்.
இரண்டு பக்கம்.
சில்லறையை நானே போட்டேன்.